வீட்டுக்குள் 3,000 லிட்டர் கடல்: டர்பன் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

உயிருள்ள பவளங்களும் மீன்களும் வாழும் கடல்நீர்த் தொட்டியான பவளத் தொட்டியை மிகப் பெரிதாக வீட்டில் அமைக்க நினைக்கிறவர் முதலில் கேட்பது, கண்ணாடியா அக்ரிலிக்கா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில், டர்பனைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் வாழ்கிறவர் அதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். மின்சாரம் நின்று ஆறாவது மணி நேரத்தில் இந்தத் தொட்டியில் என்ன நடக்கும்? குழாயில் நீர் வராத ஐந்தாவது நாளில் என்ன செய்வோம்? கீழே ஒப்பிடப்படும் ஒவ்வொரு வழியையும் அழகு, விலை ஆகியவற்றோடு இந்த இரு கேள்விகளையும் வைத்தே எடைபோட்டிருக்கிறேன். அப்படிப் பார்க்கும்போது கடைக்காரர் பரிந்துரைக்கும் வரிசை பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது.

பேச்சுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். உயரத்தை மட்டும் இப்போதைக்குத் திறந்து வைப்போம், ஏனெனில் செலவையும் ஆபத்தையும் நிர்ணயிப்பது அதுதான். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததே ஒழிய நீளத்தையோ அகலத்தையோ பொறுத்ததன்று. நீண்ட முகப்புக் கண்ணாடி ஒன்றில் ஏற்படும் வளைவுத் தகைவு உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது, தடிப்பின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே உயரத்தை 60 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆக்கினால், அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் கண்ணாடியின் தடிப்பு ஏறத்தாழ 1.8 மடங்காக வேண்டும். இன்னொன்றும் உண்டு. சராசரி மனிதக் கை தோளிலிருந்து 70 சென்டிமீட்டர் அளவே எட்டும். 90 சென்டிமீட்டர் ஆழத்தில் கவிழ்ந்த பவளத்தை நிமிர்த்த வேண்டுமானால் ஒன்று இடுக்கியோடு போராட வேண்டும், அல்லது தொட்டிக்குள்ளேயே இறங்க வேண்டும். என் தீர்ப்பு 75 சென்டிமீட்டர். அதில் தொட்டி 2,700 லிட்டர் கொள்ளும், பம்பும் வடிகட்டும் கருவிகளும் இருக்கும் கீழ்த்தொட்டியையும் சேர்த்தால் நீர் ஏறத்தாழ 3,000 லிட்டர். உயரமான தொட்டி பார்ப்பதற்குக் கம்பீரம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மீன்களுக்குத் தேவை நீந்தும் நீளமும், பவளங்களுக்குத் தேவை பரப்பும் ஒளியும்தான்.

இடத்தைப் பற்றிய முடிவு இதைவிடக் கடினமானது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகள் மலைச் சரிவில் கட்டப்பட்டவை. வாகனக் கூடம் கீழேயும் வரவேற்பறை அதன் மேலுள்ள தளத்திலும் அமைந்த வீடுகள் குறைவல்ல. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான சுமைக்கே கணக்கிடப்படுகின்றன. நாம் பேசும் தொட்டியில் நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 770 கிலோ அழுத்தும். பாறை, மணல், தாங்கி, சுவர் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும், மிஞ்சவும் கூடும். எனவே தொங்குதளத்தின் மேல் வைப்பதா, தரையோடு இருக்கும் அடித்தளத்தில் வைப்பதா என்பதை விருப்பத்துக்குரிய தேர்வாகவே கருதக் கூடாது. பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தந்தாலன்றி மேல்தளத்தை மறந்துவிடலாம். தரைத்தளத்தில் வரவேற்பறைக்கும் வாகனக் கூடத்துக்கும் இடையே பொதுச் சுவர் உள்ள வீடு கிடைத்தால் அதுவே நல்ல அமைப்பு: முகப்பு வரவேற்பறையில் தெரியும்; பம்பு, கீழ்த்தொட்டி, உப்பு வாளி, இரைச்சல், ஈரம் அனைத்தும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொள்ளும்.

இதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். சாமி அறையில் தினமும் சாம்பிராணியும் கற்பூரமும் எரியும் வீட்டில், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் அந்த அறைக் காற்றையே உறிஞ்சி நீருக்குள் கலக்கும். அதன் காற்றுக் குழாயை வெளிச்சுவர் வழியே தோட்டத்துப் பக்கம் நீட்டிவிடுவது நல்லது. மூடிய வீட்டில் தேங்கும் கரியமில வாயு நீரின் பி.எச். அளவைக் கீழே இழுப்பதும் அதனாலேயே தடுக்கப்படும். செப்புப் பாத்திரத்தால் நீர் முகந்து ஊற்றும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும், ஏனெனில் மீனுக்குப் பெரிதாகத் தெரியாத செம்புகூட இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

இனிக் கட்டுமானப் பொருள். முழுவதும் கண்ணாடியாலான தொட்டி, முழுவதும் அக்ரிலிக்காலான தொட்டி, மூன்று பக்கமும் அடியும் கான்கிரீட்டாகவும் ஒரு முகம் மட்டும் சாளரமாகவும் உள்ள தொட்டி என மூன்று வழிகள் உள்ளன. ஒட்டுப்பலகையில் ஃபைபர்கிளாஸ் பூசும் நான்காவது வழி மலிவானது, வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் பூச்சில் ஊசித்துளை விழுந்தால் பலகை உள்ளுக்குள்ளேயே ஊறிப்போகும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். டர்பனின் ஈரக்காற்றில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடி கனமானது. 19 மி.மீ. கண்ணாடியில் நம் அளவுத் தொட்டியைச் செய்தால் வெறும் தொட்டியே 470 கிலோ வரும். அக்ரிலிக்கின் அடர்த்தி கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. வெப்பத்தையும் அது கண்ணாடியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு குறைவாகவே கடத்துகிறது. அதன் இணைப்புகள் கரைப்பானால் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தவை, சிலிக்கோன் ஒட்டு அல்ல. இத்தனையும் அதற்குச் சாதகம். பாதகம், கீறல். கண்ணாடியில் படியும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியைச் சுரண்டாமல் எந்தப் பவளத் தொட்டியும் இருக்க முடியாது. ஒரு மணல் துகள் தேய்ப்பானில் சிக்கினாலே அக்ரிலிக்கில் கோடு விழுந்துவிடும். அதை மெருகேற்றிச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான், கண்ணாடியில் விழுந்த கீறலைச் சரிசெய்வது மிகக் கடினம் என்பதும் உண்மைதான். ஆனாலும் கண்ணாடியில் கீறல் விழுவது அரிது, அக்ரிலிக்கில் விழாமல் காப்பதுதான் அரிது. ஒரு மீட்டருக்கு மேல் உயரம் போகிறவர்களுக்கும் வளைந்த முகப்பு விரும்புகிறவர்களுக்கும் அக்ரிலிக்கே ஏற்ற வழி. 75 சென்டிமீட்டரில் நிற்பவர்களுக்கு அதன் விலை நியாயப்படாது. அக்ரிலிக் உடையாது என்று விற்பனையாளர் சொன்னால், பெர்லின் ஓட்டல் ஒன்றின் கூடத்தில் 2003இல் நிறுவப்பட்ட பத்து லட்சம் லிட்டர் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று அதிகாலையில் வெடித்துச் சிதறியதை அவருக்கு நினைவூட்டலாம். அதுவும் அக்ரிலிக்தான்.

கான்கிரீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் நல்ல கொத்தனார் கிடைப்பது நல்ல அக்ரிலிக் தொழிலாளி கிடைப்பதைவிட எளிது. கான்கிரீட் தொட்டியின் பெரிய பலம் அதன் சாளரம் பொருத்தப்படும் விதம். கண்ணாடிப் பெட்டியில் நீர் ஒவ்வொரு பலகையையும் வெளியே தள்ளுகிறது, சிலிக்கோன் இணைப்பு இழுவிசையைத் தாங்கிக்கொண்டே காலம் முழுவதும் நிற்கிறது. கான்கிரீட்டில் கண்ணாடியை உட்புறமிருந்து சட்டத்தின் மேல் வைத்து ஒட்டினால், அதே நீர் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்துகிறது. இணைப்பு இழுபடுவதற்குப் பதிலாக நசுக்கப்படுகிறது. கசியக்கூடிய விளிம்புகளும் ஒரே ஒரு சாளரத்தின் சுற்றளவோடு முடிந்துவிடுகின்றன. தொட்டியை வாசல் வழியாக உள்ளே கொண்டுவரும் சிக்கலும் இல்லை. 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பெட்டியைச் சாதாரணக் கதவு வழியாக நுழைப்பது எளிதன்று, கம்பிக் கதவும் சேர்ந்திருக்கும் நம் வாசல்களில் சொல்லவே வேண்டாம்.

குறைகளும் சிறியவை அல்ல. கடல்நீரின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருக்கும்போது சுவர் பிளக்கும். ஆகவே கம்பியின் மேல் தாராளமான கான்கிரீட் உறையும், உட்புறம் முழுக்க எப்பாக்சி பூச்சும் கட்டாயம். ஃபைபர்கிளாஸ் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. பூச்சில்லாத சிமெண்ட் நீரின் காரத்தன்மையையும் தாறுமாறாக்கும். கான்கிரீட் வலுப்பெற 28 நாட்கள், பிறகு உலரவும் பூச்சு இறுகவும் இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். குழாய்த் துளைகள் எல்லாவற்றையும் வார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். வீட்டை விற்கும் நாளில் தொட்டி உங்களோடு வராது, வாங்குகிறவர் அதை இடித்துத் தரச் சொல்லவும் கூடும். சொந்த வீடு, பத்தாண்டுக்குக் குறையாமல் இருக்கப்போகிறோம் என்ற உறுதி ஆகிய இரண்டும் உள்ளவருக்கு என் பரிந்துரை கான்கிரீட்டும், இரும்புச்சத்துக் குறைந்த அடுக்குக் கண்ணாடிச் சாளரமும்தான். சாதாரணக் கண்ணாடியின் பச்சைச் சாயல் அந்தத் தடிப்பில் பவளங்களின் நிறத்தையே மாற்றிக் காட்டும். இவ்விரண்டு உறுதிகளில் ஒன்று இல்லாதவர், அறைக்குள்ளேயே வைத்து ஒட்டப்படும் கண்ணாடித் தொட்டியைத் தேர்வது நல்லது.

நீருக்கு வருவோம். கடல் அரை மணி நேரத் தொலைவில் இருக்கையில் உப்பை வாங்கிக் கலப்பது வீண் செலவு என்று தோன்றுவது இயல்பு. 3,000 லிட்டர் கடல்நீர் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ளது. ஒரு டன் ஏற்றும் பக்கியில், அதாவது சிறு சரக்கு வண்டியில், நான்கு நடை. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றுவதென்றால் ஒவ்வொரு முறையும் 300 லிட்டர். உழைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும் தரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. நம் கடற்கரையில் மழை கோடையில் பெய்கிறது. அப்போது உம்ங்கேனி போன்ற ஆறுகள் சேற்றையும் கழிவையும் கொண்டுவந்து கடலோரத்தைப் பழுப்பாக்குகின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்தபின், கிருமி மிகுதியால் கடற்கரைகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய நீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். வறண்ட குளிர்காலத்தில், நகரத்தையும் ஆற்று முகங்களையும் விட்டு விலகிய இடத்தில் முகந்த நீர் நல்ல நீராக இருக்கலாம். ஆனால் ஆண்டில் பாதி நாள் மட்டும் நம்பக்கூடிய ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொள்ள முடியாது.

கலந்து செய்யும் கடல்நீருக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம் உப்பு, முதல் நிரப்பலுக்கு 110 கிலோ தேவை. அதற்கான நன்னீர் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டியதாக இருக்க வேண்டும். அக்கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை கழித்துவிடும். முதல் நிரப்பலுக்கே 12 கிலோலிட்டர் குழாய்நீர் ஓடும் என்பதால், கழிவை ஒரு ஜோஜோ பிளாஸ்டிக் நீர்த்தொட்டியில் பிடித்துத் துவைப்பதற்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் விடுவது அறிவுடைமை. செலவு அதிகமானாலும் நான் இதையே தேர்வேன், காரணம் சேமிப்பு. டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் 2022 வெள்ளம் நீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்தபின் மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து வாழ்ந்தார்கள். வீட்டார் குடிநீருக்கு வரிசையில் நிற்கும் நாளிலும் தொட்டியிலிருந்து தினம் 20 லிட்டருக்குக் குறையாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். 750 லிட்டர் ஆர்.ஓ. நீர் கையிருப்பில் இருந்தால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. அதன் அருகே கலந்து வைத்த உப்புநீர் 500 லிட்டரும் இருக்குமானால் திடீர் நோய்க்கும் நச்சுக்கும் அதுவே மருந்து.

மின்சாரத்தைப் பற்றி நம்மவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023இல் லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தைத் தொட்டது. 2024 மார்ச்சுக்குப் பின் பெரிதும் ஓய்ந்தாலும் 2025இல் சில நாட்கள் மீண்டும் தலைகாட்டியது. அது முற்றிலும் நின்றாலும் வயர்த் திருட்டும் துணைநிலையப் பழுதும் நிற்கப்போவதில்லை. இங்கே ஒரு சிறு கணக்கு மிகப் பெரிய முடிவைத் தருகிறது. 3,000 லிட்டர் கடல்நீர் ஒரு டிகிரி குளிர ஏறத்தாழ 3.4 யூனிட் வெப்பத்தை இழக்க வேண்டும். குளிர்காலத்தில் தொட்டி 300 வாட் வீதம் இழந்தாலும் ஒரு டிகிரி குறையப் பதினொரு மணி நேரம் ஆகும். அதாவது பெருந்தொட்டியில் மின்தடையின்போது வெப்பம் உடனடிக் கவலையே அன்று. உடனடிக் கவலை உயிர்வளி. 26 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவே உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். நீரோட்டம் நின்று மேற்பரப்பு அசையாமல் போனால் மீனும் பவளமும் பாறையிலுள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும், இரவானால் இன்னும் விரைவாக.

ஆகவே மாற்று மின்சாரத்தை ஹீட்டருக்கும் விளக்குக்கும் பகிர்ந்து வீணாக்காமல், நீரைச் சுழற்றும் பம்புகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். மொத்தம் 180 வாட் இழுக்கும் இரண்டு மூன்று பம்புகளை 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு முழுநாள் ஓட்டும். ஜெனரேட்டர் வாங்கும்போது மலிவு. ஆனால் நள்ளிரவில் எழுந்து இயக்க ஆள் வேண்டும், பெட்ரோல் இருப்பு வேண்டும், புகை வீட்டுக்குள் வராத இடம் வேண்டும். வெளியூர்த் திருமணத்துக்குக் குடும்பத்தோடு போயிருக்கும் நாளில் அது வெறும் இரும்பு. என் முடிவு: தானாக மாறிக்கொள்ளும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கட்டாயம்; இரண்டு நாளைத் தாண்டும் தடைக்கு மட்டும், இரவல் ஜெனரேட்டரை இணைக்க ஒரு செருகுமுனை. கூரையில் சூரியத் தகடு போட வசதியுள்ளவருக்குப் பவளத் தொட்டி மிகவும் பொருந்தும், விளக்கெரியும் நேரமும் வெயிலடிக்கும் நேரமும் ஒன்றுதானே. மின்சாரம் நிற்கும்போது மேல்தொட்டியின் நீர் சிறிது கீழே வடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நம் அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் வடிந்தாலே 36 லிட்டர். கீழ்த்தொட்டியில் 100 லிட்டருக்குக் குறையாத வெற்றிடம் எப்போதும் இருக்க வேண்டும்.

குளிரூட்டுவதில் விசிறியா சில்லரா என்பது டர்பனில் தெளிவான விடையில்லாத கேள்வி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 20 லிட்டர் ஆவியானால் 13 யூனிட்டுக்கு மேல், அதுவும் சில வாட் விசிறியின் செலவில். ஆனால் பிப்ரவரி மாத ஈரக்காற்றில் ஆவியாதல் சோர்ந்துவிடும், ஆவியான 20 லிட்டரும் கூரையில் பூஞ்சையாக முளைக்கும். சில்லர் எந்த வானிலையிலும் வேலை செய்யும், மின்சாரத்தையும் அதே உறுதியோடு விழுங்கும். எடுத்த வெப்பத்தைத் தான் இருக்கும் அறையிலேயே கொட்டும். கடலோரத்தில் அதன் செம்புச் சுருளை உப்புக்காற்று அரிக்கும். விசிறியை 26 டிகிரியில் தொடங்கவும் சில்லரை 27.5இல் மட்டும் தொடங்கவும் அமைத்து, வாகனக் கூடத்தில் ஈரத்தை வெளியேற்றும் விசிறி ஒன்றையும் வைத்தால், சில்லர் ஆண்டில் சில வாரங்களே ஓடும். ஹீட்டரை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகச் சிறியவையாக வாங்க வேண்டும். பெரிய ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால் தொட்டியே வெந்துவிடும்.

விளக்கில் நீண்ட ஒப்பீடு தேவையில்லை, எல்.இ.டி.தான். மெட்டல் ஹாலைடு ஒளியின் மினுக்கம் அழகு. ஆனால் அதன் வெப்பத்தைச் சில்லர் கட்டணமாகத் திரும்பச் செலுத்துவோம். கூரையில் கண்ணாடி பதித்து வெயிலை இறக்கும் யோசனையும் சிலருக்கு உண்டு. டர்பனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் 83 டிகிரி உயரத்திலும் ஜூனில் 37 டிகிரி உயரத்திலும் நிற்கும். வெப்பம் வேண்டாத பருவத்தில் வந்து வேண்டும் பருவத்தில் விலகும் விருந்தாளியை நம்பிக் கூரையை உடைக்க வேண்டாம்.

எந்தப் பவளங்கள் என்பதே மீதியைத் தீர்மானிக்கும். கிளைவிட்ட வன்பவளங்கள் பலரின் கனவு. அவற்றுக்குக் கடும் ஒளியும், வலுவான நீரோட்டமும், நாள்தோறும் சுண்ணச் சத்தும் வேண்டும். நம் மாகாணத்தின் வடகோடிக் கடலோரத்தில் உள்ள சொட்வானா விரிகுடாவின் பாறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் கடலில் பரந்து கிடப்பவை பெரும்பாலும் மென்பவளங்கள். அவற்றைப் போன்ற தொட்டி மின்தடையையும் சிறு பிசகையும் அதிகம் தாங்கும். சொட்வானாவிலிருந்து எடுத்துவரலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அது 1999 முதல் உலகப் பாரம்பரியக் களமான இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. கடலிலிருந்து பவளம் எடுப்பதும் சட்டத்துக்கு விரோதம், வன்பவளங்களை இறக்குமதி செய்ய, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதியும் வேண்டும். வளர்ப்பவர்களிடம் வெட்டுத் துண்டுகளாக வாங்குவதே நேர்வழி.

மென்பவளம் மிகுந்த தொட்டிக்குச் சுண்ணச் சத்துக் கொடுக்கச் சுண்ணாம்புத் தெளிநீரே போதும். தெவிட்டிய தெளிநீர் 26 லிட்டர், 3,000 லிட்டரின் காரத்தன்மையை ஒரு டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) உயர்த்தும், ஏறத்தாழ அத்தனை நீர்தான் தினமும் ஆவியாகிறது என்பதால், ஆவியானதை ஈடுகட்டும் நீராகவே அதை விட்டுவிடலாம். உணவுத் தரச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு ஆகாது. மிதவை வால்வு சிக்கினால் தெளிநீர் முழுவதும் ஒரேயடியாகப் பாய்ந்துவிடும் என்பதால், நேரக்கட்டுப்பாட்டோடு சொட்டுச்சொட்டாகத் தள்ளும் பம்பு அவசியம். வன்பவளங்களால் நிரப்பத் துணிந்தவருக்கு இது போதாது. கரியமில வாயு உருளையோடு இயங்கி, சுண்ணக்கல் துண்டுகளைக் கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டரை முதலிலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும். கால்சியத்தையும் காரத்தையும் தனித்தனிக் கரைசலாக ஊற்றும் இரு கரைசல் முறை, இந்த அளவுத் தொட்டியில் தினம் ஒரு டி.கே.எச். தேவைக்கே ஆண்டுக்கு 33 கிலோ சமையல் சோடா உப்பைக் கேட்கும்.

ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் வாழும் உறவினர்கள் இதே கணக்கைப் போட்டால் இரண்டு முடிவுகள் மாறும். உயர்நிலத்தின் வறண்ட காற்றில் விசிறி மட்டுமே பெரும்பாலான கோடையைக் கடத்திவிடும், ஆனால் குளிர்கால இரவுகளுக்காகத் தொட்டியின் மூன்று சுவர்களிலும் பாலிஸ்டைரீன் பலகை பதிக்க வேண்டும். கடல்நீரா உப்பா என்ற கேள்வி அவர்களுக்கு எழவே எழாது.